கிருமியைக் கொன்றால் கரப்பான் தீருமா?

மூன்று வயதுச் சிறுவன் தாயின் மடியில் உட்கார்ந்து முழங்கையின் உள்மடிப்பைச் சொறிந்துகொண்டே இருந்தான். தாய் ஒரு நெகிழிப் பையை என் மேசைமீது கவிழ்த்தார். அதிலிருந்து பதினொரு களிம்புக் குழாய்கள் விழுந்தன. சில முற்றிலும் பிதுக்கித் தீர்ந்தவை, சில பாதி மீந்தவை, சில மூடி தொலைந்தவை. அவற்றில் இரண்டை மட்டுமே மருத்துவர்கள் எழுதித் தந்திருந்தார்கள். மற்றவை மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை.

“போட்டா மூணு நாள்ல அடங்கிடுது டாக்டரம்மா. விட்டா ஒரே வாரத்துல முன்னைவிட மோசமா கிளம்புது. கிருமி உள்ளேயே தங்கியிருக்குபோல. அதை வேரோட கொல்ற மாதிரி ஒரு மருந்து எழுதிக் குடுங்க” என்றார்.

தோல் மருத்துவராகப் பணியாற்றும் இத்தனை ஆண்டுகளில் இந்த வேண்டுகோளை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தாயின் ஊகத்தில் பாதி உண்மை இருக்கிறது. அவருடைய குழந்தையின் தோலில் கிருமி இருந்தது. நோயை அது வளர்க்கவும் செய்தது. ஆனால், அதைக் கொன்றுவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்பது உண்மையல்ல. இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால்தான் நம் வீடுகளில் களிம்புக் குழாய்கள் குவிகின்றன.

கிராமங்களில் ‘கரப்பான்’ என்று சொல்லப்படும் நோய்களில் முதன்மையானது, மருத்துவத்தில் ‘அட்டோபிக் டெர்மடைடிஸ்’ எனப்படும் ஒவ்வாமைத் தோல் அழற்சி. பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் கன்னங்களில் தொடங்கி, பிறகு முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு நகரும். தோல் வறண்டு, சிவந்து, தடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூங்கவிடாத அரிப்பு. இது தொற்றுநோய் அல்ல. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் பரவாது. ஆயினும், இந்த நோயின் கதையில் ஒரு பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பொன்னிறக் கிருமி

1880 வாக்கில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். திராட்சைக் குலைகளைப் போல் திரண்டிருந்த உருண்டை வடிவ நுண்ணுயிரிகளைக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு ‘ஸ்டெஃபைலோகாக்கஸ்’ என்று பெயரிட்டார். 1884இல் ஜெர்மானிய மருத்துவர் ரோசன்பாக், அவற்றுள் பொன்னிறத்தில் வளரும் வகையைத் தனியே பிரித்து ‘ஆரெயஸ்’ என்றார். லத்தீனில் பொன் போன்றது என்று பொருள்.

இந்த ஆரெயஸ் பலருடைய மூக்கினுள் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. நலமான தோலில் அதற்கு அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை. ஆனால், அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜேம்ஸ் லெய்டனும் சகாக்களும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரின் புண்பட்ட தோலில் அது குடியேறியிருந்தது தெரியவந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வு, புண்பட்ட இடங்களில் 70 விழுக்காட்டு நோயாளிகளிடமும், அதே நோயாளிகளின் நலமாகத் தோன்றும் தோலில் 39 விழுக்காட்டினரிடமும் அது இருப்பதாகக் கணக்கிட்டது.

இதைப் படிக்கும் எவருக்கும், குற்றவாளி பிடிபட்டுவிட்டதாகவே தோன்றும். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது. ஆனால், குற்றம் நடந்த இடத்தில் ஒருவர் நிற்பதாலேயே அவர்தான் கதவை உடைத்தார் என்று ஆகிவிடாது.

வேலி ஏன் விழுந்தது?

தோலின் மேலடுக்கை ஒரு வேலி எனலாம். அதன் செல்களை இறுக்கிக் கட்டுவதில் ‘ஃபிலாக்ரின்’ என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. தன் பணி முடிந்ததும் அது சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களாக மாறுகிறது. தோலின் மேற்பரப்பை இலேசான அமிலத்தன்மையோடு வைத்திருக்கவும் உதவுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் பழுது கரப்பானுக்கு வழிவகுக்கிறது என்பதை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மெக்லீன் குழுவினர் 2006இல் நிறுவினர். அந்தப் பழுது உள்ள அனைவருக்கும் கரப்பான் வருவதில்லை. கரப்பான் உள்ள அனைவரிடமும் அந்தப் பழுது இல்லை. ஆனாலும், ஒவ்வாமை நோய் என்று மட்டுமே கருதப்பட்டுவந்த ஒன்று, வேலி விழுந்ததால் வரும் நோயும்கூட என்பது அதன் பிறகே அழுத்தமாக நிலைபெற்றது.

வேலி பலவீனமானால் மூன்று நிகழ்கின்றன. ஈரம் வெளியேறித் தோல் வறள்கிறது. அமிலத்தன்மை குறைந்து, ஆரெயஸ் செழிக்கத் தகுந்த சூழல் உருவாகிறது. தூசும் நுண்ணுயிரிகளின் துணுக்குகளும் உள்ளே புகுந்து நோய் எதிர்ப்பு அமைப்பைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட அந்த அமைப்பு இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய வேதித் தூதர்களைச் சுரக்கிறது. இவை அழற்சியை வளர்ப்பதோடு நிற்பதில்லை. ஃபிலாக்ரின் உற்பத்தியையும் குறைக்கின்றன. கிருமிகளை எதிர்க்கத் தோலே தயாரிக்கும் சிறு புரதங்களையும் மட்டுப்படுத்துகின்றன.

இந்தக் கடைசிக் காரணத்தை விளக்க இன்னொரு நோயை எடுத்துக்கொள்வோம். சொரியாசிஸ் நோயிலும் தோலின் வேலி சிதைகிறது. ஆனால், கரப்பான் நோயாளிகளோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோலில் பாக்டீரியாத் தொற்று ஏற்படுவது குறைவு. சொரியாசிஸ் தோலில் கிருமி எதிர்ப்புப் புரதங்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. கரப்பான் தோலில் அவை குறைவாகவே சுரக்கின்றன என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கரப்பானில் வேலியும் விழுந்திருக்கிறது, காவலும் குறைந்திருக்கிறது.

வந்த விருந்தாளி செய்யும் வேலை

அதற்காக ஆரெயஸை அப்பாவி என்று விட்டுவிடவும் முடியாது. அது சுரக்கும் நொதிகள் தோலின் புரதங்களை அறுத்து, வேலியின் ஓட்டையை மேலும் அகலமாக்குகின்றன. அதன் ‘டெல்டா’ நச்சு, தோலிலுள்ள மாஸ்ட் செல்களை உடைத்து ஒவ்வாமைப் பொருள்களை வெளியேற்றச் செய்கிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எலிகளில் காட்டினர். 2023 நவம்பரில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஐசக் சியூ குழுவினர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. ஆரெயஸ் சுரக்கும் ‘வி8’ என்ற நொதி, தோலின் நரம்பு முனைகளை நேரடியாகத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது. அதுவரை, அரிப்பு என்பது அழற்சியின் விளைவு என்றே பெரிதும் கருதப்பட்டது. அழற்சியின் துணையே இல்லாமல் ஒரு பாக்டீரியா நம்மைச் சொறியவைக்க முடியும் என்பது புதிய செய்தி.

ஆக, ஒரு சுழல் உருவாகிறது. வேலி விழுகிறது, கிருமி வருகிறது, அரிக்கிறது, குழந்தை சொறிகிறது, சொறியச் சொறிய வேலி மேலும் விழுகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஹைடி காங், ஜூலியா செக்ரே குழுவினர் கரப்பான் குழந்தைகளின் தோலிலுள்ள நுண்ணுயிரிகளை மரபணு முறையில் கணக்கெடுத்து 2012இல் வெளியிட்டனர். நோய் சீறும் நாள்களில் தோலின் நுண்ணுயிர்ப் பன்மை சுருங்கி, ஆரெயஸ் ஆதிக்கம் பெறுகிறது. நோய் தணியும்போது பழைய பன்மை திரும்புகிறது.

அப்படியானால் கொன்றுவிடலாமே?

நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தேன். கரப்பான் சீறி, தோல் சற்றுக் கசிந்தாலே ஆன்டிபயாட்டிக் மருந்தை எழுதியிருக்கிறேன். சில நாள்களில் குழந்தை தேறிவிடும். என் சிகிச்சை சரியென்று நானும் மகிழ்ந்துகொள்வேன். அந்தச் சீட்டில் ஸ்டீராய்டு களிம்பும் ஈரப்பூச்சும் இருந்தன என்பதையும், குழந்தையைத் தேற்றியவை அவையாக இருக்கலாம் என்பதையும் நான் எண்ணிப்பார்க்கவில்லை.

எண்ணிப்பார்க்க வைத்தது பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு. தொற்று ஏற்பட்டிருப்பதாக மருத்துவர்கள் கருதிய கரப்பான் குழந்தைகள் 113 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக், இன்னொன்றுக்கு ஆன்டிபயாட்டிக் களிம்பு, மற்றொன்றுக்கு இரண்டிலும் போலி மருந்து. ஸ்டீராய்டு களிம்பும் ஈரப்பூச்சும் அனைவருக்கும் பொது. 2017இல் வெளியான முடிவின்படி, ஆன்டிபயாட்டிக் பெற்ற குழந்தைகளுக்குப் போலி மருந்து பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் கிடைக்கவில்லை. கடுமையான தொற்று இருந்த குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எனினும், நம் வெளிநோயாளிப் பிரிவுகளுக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த ஆய்வில் இருந்த குழந்தைகளைப் போன்றவர்களே. ஆரெயஸைக் குறைக்கும் சிகிச்சைகள் பற்றிய 41 ஆய்வுகளை அலசிய காக்ரேன் மதிப்பாய்வும் (2019) அவற்றால் பெரும் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

காரணம் எளிது. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் குறைக்கிறது. ஆனால், அதை வரவேற்ற சூழலை மாற்றுவதில்லை. மூக்கிலிருந்தோ வீட்டிலுள்ள மற்றவர்களிடமிருந்தோ சில வாரங்களில் அது திரும்பிவிடுகிறது. வேலி விழுந்த கொல்லையில் புகுந்த ஆட்டை அடித்து விரட்டுவதோடு நின்றுவிட்டால், மறுநாளும் அந்த ஆடு வரத்தான் செய்யும். திரும்பத் திரும்ப விரட்டும்போது, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகின்றன.

இதன் மறுபக்கம் இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற ‘டுபிலுமாப்’ என்ற ஊசிமருந்து, மேலே சொன்ன இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவற்றின் செயலைத் தடுக்கிறது. அது ஆன்டிபயாட்டிக் அல்ல. ஒரு பாக்டீரியாவைக்கூட நேரடியாகக் கொல்லாது. ஆனால், அதைப் பெற்ற நோயாளிகளின் தோலில் அழற்சி தணிந்தபோது ஆரெயஸும் குறைந்தது. நுண்ணுயிர்ப் பன்மையும் கூடியது. நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதன் விலை எட்டாது. ஆனால், அது கற்றுத்தந்த பாடம் இலவசம்: தோலைச் சீராக்கினால் கிருமி தானே பின்வாங்கும்.

நண்பர்களும் உண்டு

நம் தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் வரை வாழ முடியும். இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. சில நம்மைக் காப்பவை. நலமான தோலில் வாழும் ‘எபிடெர்மிடிஸ்’, ‘ஹோமினிஸ்’ ஆகிய வகைகளில் சில, ஆரெயஸைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன என்றும், கரப்பான் நோயாளிகளிடம் அத்தகையவை குறைவு என்றும் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் காலோ குழுவினர் 2017இல் கண்டறிந்தனர். கண்ணை மூடிக்கொண்டு பூசும் ஆன்டிபயாட்டிக் களிம்பு இந்தக் காவலர்களையும் சேர்த்தே அழிக்கக்கூடும்.

அப்படியானால் நல்ல பாக்டீரியாவையே மருந்தாகப் பூசினால் என்ன? அம்முயற்சிகளும் நடக்கின்றன. தொடக்கநிலைச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. ஆனால், ‘ரோசியோமோனாஸ்’ என்ற பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மருந்து, 2021இல் இரண்டாம் கட்டச் சோதனையில் போலி மருந்தை வெல்ல முடியாமல் தோற்றது. ‘தோலுக்கான புரோபயாட்டிக்’ என்று இப்போதே விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

குழாய்களுக்குள் இருப்பது என்ன?

மேசையில் கிடந்த குழாய்களுக்கு வருகிறேன். அவற்றில் பல கூட்டுக் களிம்புகள். மிக வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டசால், ஓர் ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சைக்கொல்லி ஆகிய மூன்றும் ஒரே குழாயில். நோய் எதுவென்று தெரியாமலேயே எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் சுடும் ஏற்பாடு இது. ஸ்டீராய்டு அழற்சியை உடனே அடக்கும். அதனால்தான் மூன்றே நாளில் குணம். ஆன்டிபயாட்டிக்தான் கிருமியைக் கொன்று குணப்படுத்தியது என்று வீட்டார் நம்புகிறார்கள். நிறுத்தியதும் நோய் மீளும்போது, கிருமி சாகவில்லை என்று இன்னும் வீரியமான குழாயைத் தேடுகிறார்கள். குழந்தையின் மென்தோலில் மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிகிறது, வரிகள் விழுகின்றன, மருந்து இரத்தத்திலும் கலக்கிறது.

தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2018 மார்ச்சில் ‘ஹெச்’ அட்டவணையின் கீழ்க் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில் இத்தகைய களிம்புகள் சிலவும் அடங்கும். ஆயினும், கடைக்குச் சென்று கேட்டால் இன்றும் கிடைக்கிறது என்பதற்கு அந்தப் பதினொரு குழாய்களே சாட்சி. இதன் விலையைக் கரப்பான் குழந்தைகள் மட்டும் தரவில்லை. வழக்கமான பூஞ்சை மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரை இந்தியா முழுவதும் பரவியிருக்கிறது. அதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020இல் இட்ட அறிவியல் பெயரிலேயே நம் நாட்டின் பெயர் ஒட்டியிருக்கிறது. கூட்டுக் களிம்புகளின் கட்டற்ற பயன்பாடு அதன் பரவலுக்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

வேலியைச் செப்பனிடுவதே முதல் வேலை. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமான குளியல். ஈரம் காயும் முன்பே உடல் முழுக்க மணமற்ற ஈரப்பூச்சு. குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை வேண்டியிருக்கும் என்கின்றன பிரிட்டனின் வழிகாட்டுதல்கள். நம்மில் பலர் ஒரு மாதத்துக்குப் பூசும் அளவைவிட இது அதிகம். சாதாரண சோப்புக்கட்டிகள் காரத்தன்மை உடையவை. ஏற்கெனவே குறைந்திருக்கும் அமிலத்தன்மையை மேலும் குலைப்பவை. நலங்கு மாவையும் பயற்றமாவையும் தேய்த்துக் குளிப்பாட்டுவது நலமான தோலுக்குச் சரி. கரப்பான் தோலில் அந்த உராய்வு வேண்டாம். செக்கில் ஆட்டிய தூய தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று பாட்டிமார்கள் கேட்பதுண்டு. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. கடுகெண்ணெய்க்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் அந்தப் பெருமை இல்லை.

இரண்டாவது, ஸ்டீராய்டு களிம்பைப் பற்றிய அச்சம். தவறாகப் பூசிக் கெட்டவர்களைப் பார்த்து, சரியாகப் பூச வேண்டியவர்களும் மிரண்டு ஒதுங்குகிறார்கள். நோய்க்கும் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற வீரியத்தில், மருத்துவர் சொன்ன நாள்களுக்கு, சொன்ன அளவில் பூசினால் அதுவே இந்த நோயின் முதன்மை மருந்து. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். ‘கரப்பான் பண்டம்’ என்று சொல்லிக் குழந்தைக்கு முட்டையையும் பாலையும் மீனையும் மருத்துவ ஆலோசனையின்றி நிறுத்துவதால், ஊட்டம் குறைவதே பெரும்பாலும் மிச்சம்.

ஆன்டிபயாட்டிக் அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேன் நிறத்தில் பொருக்குகள் படர்ந்தாலோ, சீழ் கோத்தாலோ, தோல் சூடாகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது தொற்று. மருந்து உடனே தேவை. ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, குழிப்புண்களாகிக் காய்ச்சலும் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக் அதற்கு உதவாது.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிட முடியவில்லை. நான்கு முறை வந்தார். குழந்தை இப்போது இரவில் தூங்குகிறான். நோய் தீர்ந்துவிடவில்லை, இடையில் இரண்டு முறை சீறியது, அடங்கியது. கடைசியாக வந்தபோது அவர் கிருமியைப் பற்றிக் கேட்கவில்லை. “ஈரப்பூச்சு மாசா மாசம் வாங்கக் கட்டுப்படியாகலை டாக்டரம்மா. அதைவிட அந்தக் களிம்பு மலிவா கிடைக்குதே” என்றார்.

அதற்கு என்னிடம் மருத்துவப் பதில் இல்லை. சீட்டில்லாமல் விற்கும் கடைகளைக் கண்காணிப்பதும், ஆரம்ப சுகாதார நிலையம்வரை வெள்ளை பாரஃபின் போன்ற எளிய பூச்சுகள் போதிய அளவில் தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் அரசின் கையில் இருக்கின்றன. தீங்கு தரும் குழாய் மலிவாகவும், தோலைக் காக்கும் பூச்சு எட்டாத விலையிலும் இருக்கும்வரை, என்னைப் போன்றவர்கள் எவ்வளவு விளக்கினாலும் அந்த நெகிழிப் பை மீண்டும் நிறையும்.